கொம்பேறி மூக்கனுக்குக் காட்டிய புகை

ரங்கூன் துறைமுகத்தில் அப்பாசாமி பெட்டி உடைக்கிறவர். திருட்டு வேலை இல்லை, சர்க்கார் அனுமதித்த வேலைதான். கப்பலை விட்டு இறங்கும் மரப்பெட்டிகளைச் சுங்கத்து ஆட்கள் திறந்து பார்க்க வேண்டும் அல்லவா? அவர்களுக்காக மூடியின் ஆணிகளைக் கிளப்பித் தருவதும், அவர்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதும் பழையபடி அறைந்து மூடுவதும் அவர் பொறுப்பு. ஓர் ஆணியைக்கூட வளைக்காமல் எடுப்பார். எடுத்ததை வாயில் கவ்விக்கொள்வார். காலை முதல் மாலை வரை வாயில் ஆணி இருந்தால் மனிதன் என்ன பேச முடியும்? நாளாக ஆக, ஆணி இல்லாத நேரத்திலும் பேசாமலே இருக்கப் பழகிவிட்டார்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மனிதர் வாழ்க்கையில் நடந்ததற்கும் நடக்காமல் கிடந்ததற்கும் அந்த வாய்தான் பொறுப்பு.

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏதோ ஓர் ஊர். தாயும் தகப்பனும் ஒரே காலராவில் போனபிறகு, மீசை முளைத்த கையோடு கப்பல் ஏறிவிட்டார். ஏற்றி வந்தவர் மேஸ்திரி குழந்தைவேலு. அவர் மூட்டை தூக்கத்தான் ஆள் கூட்டி வந்தார். ஆனால் அப்பாசாமியின் கை மூட்டையைவிட மரத்தோடு நன்றாகப் பேசியது. யாரோ கொடுத்த ஒரு சுத்தியலும், முனை தட்டிய சின்னக் கடப்பாரையும் அவரைப் பெட்டி உடைக்கிறவர் ஆக்கின. இந்தக் கதை நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்தில் அவருக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஊரில் கடிதம் போட ஆள் இல்லை. உலகத்துச் சாமானெல்லாம் அவர் கையால் திறந்து மூடப்பட்டது, அவருக்கென்று ஒரு தகரப்பெட்டிதான் இருந்தது. அதற்குப் பூட்டுக்கூடக் கிடையாது.

துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் கிடங்குகளுக்குப் பின்னால் பலகை வீடுகள் ஒரு வரிசையாக இருந்தன. நம் ஆட்கள்தான் பெரும்பாலும். கடைசி அறை அப்பாசாமியுடையது. வரிசைக்கு முன்னால் ஒரு முற்றம், முற்றத்து மூலையில் பெரிய தூங்குமூஞ்சி மரம், மரத்தடியில் தைலம்மாளின் அப்பக்கடை. கடை என்றால் ஓர் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு முக்காலி, அவ்வளவுதான்.

தைலம்மாள் புருஷனோடு வந்தவள். கப்பலில் பாரம் தூக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்த அந்த மனிதன், வந்த மறுவருஷமே காய்ச்சலில் போய்விட்டான். ஊருக்குத் திரும்பிப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் போகாமல் அடுப்பு மூட்டினாள். பிறகு இரண்டு பேர் கல்யாணத்துக்குக் கேட்டு ஆள் விட்டார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான் போயிற்று. சமைத்துப் போட ஆள் வேண்டுமென்றால் என் கடைக்கே வந்து சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்றாள். அவர்களும் ரோஷமில்லாமல் அங்கேதான் சாப்பிட்டு வந்தார்கள்.

அப்பாசாமி ஆள் விடவில்லை. அவர் விட்டதெல்லாம் பலகைதான். எலி நுழையாத மூடியோடு ஒரு மாவுப்பெட்டி செய்து, அவள் எழுந்து வருமுன்னே அடுப்பு அருகில் வைத்துவிட்டுப் போனார். மழைக்காலம் வந்ததும் நாலு கழி நட்டு மேலே தகரம் போட்டுக் கொடுத்தார். முக்காலியின் ஆட்டத்தைச் சரி பண்ணினார். எதற்கும் ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. காலையில் முதல் அப்பம் மட்டும் அவருக்கு வந்துவிடும், ஓரம் முறுகலாக.

ஒரு விஷயம் அவரை உறுத்தியது. வரிசையில் உள்ள பெண்கள் எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். மேஸ்திரி மனைவி சொர்ணம்மாள் வயதில் மூத்தவள், அவள்கூட அண்ணே என்பாள். தைலம்மாள் மட்டும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. “இந்தாங்க” என்பாள், தட்டை நீட்டுவாள். நம்மை ஒரு மனுஷனாகவே மதிக்கவில்லை போலிருக்கிறது என்று அப்பாசாமி எண்ணிக்கொண்டார். பெட்டியைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்கிற மனிதருக்கு இது விளங்கவில்லை!

அந்த வைகாசியில் மேஸ்திரி ஒரு செய்தி கொண்டுவந்தார். வளைகுடாவுக்கு அக்கரையில் மோல்மேன் துறைமுகத்தில் பெட்டி உடைக்க நல்ல ஆள் கேட்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக் கப்பலில் போகலாம். தனிக்கட்டைதானே, உனக்கு எங்கே இருந்தால் என்ன என்றார். அப்பாசாமிக்கு அந்தக் கடைசிப் பேச்சு நெஞ்சில் தைத்தது. உண்மைதானே. இங்கே நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன குறையும்? ஒரே ஒருத்தி ‘போகவேண்டாம்’ என்று சொன்னால் இருந்துவிடலாம். ஆனால் கேட்டால்தானே சொல்லுவாள்.

கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை அப்பக்கடைக்குப் போனார். உட்கார்ந்தார். முதல் அப்பத்தைத் தின்றார். இரண்டாவதையும் தின்றார். தண்ணீர் குடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த எரிச்சலில்தான் தப்பு நடந்தது. அப்பாசாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டியையும் திறக்குமுன் சுத்தியலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். பெட்டியோடு தேள் வரும், பூரான் வரும். உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுத் திறப்பதுதான் மரியாதை என்பார். அன்றைக்குத் தட்டவில்லை. யோசனையெல்லாம் மோல்மேனில் இருந்தது.

பர்மா அரிசியை ஏற்றிக்கொண்டு தென்னமெரிக்கா வரைக்கும் போய் வந்த கப்பல் அது. திரும்பும்போது பிரேசில் நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து சில செடிப்பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தது. மரக்கம்பெனி துரை ஒருவர் தன் தோட்டத்தில் வைக்க வரவழைத்த பூச்செடிகள். ஈரப்பாசியில் பொதிந்து, காற்றுப் போகச் சந்து விட்டு அடித்த பெட்டிகள். அப்பாசாமி மூடியைக் கிளப்பியதும் பாசிக்குள்ளிருந்து பச்சையாக ஒரு கொடி எழுந்து நின்றது. கொடிக்குக் கண் இருந்தது. வாயை ஆவென்று திறந்தது. அடுத்த நொடி அவர் மணிக்கட்டில் பட்டென்று ஒரு போடு.

வாயிலிருந்த ஆணியெல்லாம் சிதறின. துறைமுகத்தார் அன்றைக்குத்தான் அப்பாசாமியின் குரலை முழுசாகக் கேட்டார்கள்.

பாம்பு ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. படித்துறையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பலகை வீட்டு முற்றத்துக்குள் ஓடி, தைலம்மாளின் அடுப்பை ஒட்டிப் போய், தூங்குமூஞ்சி மரத்தில் சரசரவென்று ஏறிவிட்டது. அந்த மரமும் ஒரு காலத்தில் அதே தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுதான். பாவம், அந்நிய ஊரில் தன் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டதும் கட்டிக்கொண்டுவிட்டது போலும்.

மெலிந்த உடம்பு, பெரிய கண், கடித்ததும் மரத்தில் ஏறியது. மேஸ்திரி குழந்தைவேலுவுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? “கொம்பேறி மூக்கன்” என்றார். முற்றத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

கொம்பேறி மூக்கனைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கடித்த கையோடு உயரமான மரத்தில் ஏறிக்கொள்ளுமாம். கடிபட்டவனை எரிக்கிற புகை கண்ணில் பட்டால்தான் இறங்குமாம். அதுவரைக்கும் கொம்பிலே காத்திருக்குமாம். எந்தக் கொம்பேறி மூக்கனும் இதுவரை இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்பது வேறு விஷயம். மரத்தவளையும் ஓணானும் தின்று பிழைக்கிற சாது அது. இங்கே வந்ததோ அதுகூட இல்லை. ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வந்த வேறொரு சாது. ஆனால் பேர் வைத்தாகிவிட்டது.

அப்பாசாமியைத் தூக்கிவந்து அறையில் போட்டார்கள். கையைக் கயிற்றால் கட்டினார்கள். மருந்துக்கடை பர்மியர், எல்லாரும் சயா என்று கூப்பிடுகிறவர், வந்து ஊதா மருந்தைத் தடவி, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாசாமி சாகத் தயாரானார். பயம் என்று பெரிதாக இல்லை. வருத்தம்தான் இருந்தது. சாவு வீடென்றால் யாராவது ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழவேண்டும். நமக்கு யார் அழுவார்கள்? மேஸ்திரி செலவைப் பார்ப்பார், சொர்ணம்மாள் முறைக்கு அழுவாள், மறுநாள் அந்த அறைக்கு வேறு ஆள் வந்துவிடுவான். இதை நினைத்தபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தது, விடிந்தது. அப்பாசாமி சாகவில்லை. பசித்தது.

சாகாமல் இருந்தது மேஸ்திரிக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் ஒரு சிக்கல். பாம்பு இன்னும் மரத்தில் இருந்தது. கிளைக்கு நடுவே அதன் வால் தெரிந்தது. ஆள் செத்த புகை காணாமல் அது இறங்காது, இறங்காதவரை அப்பாசாமிக்கும் கண்டம் தீராது. தைலம்மாள் அடுப்பை முற்றத்தின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டாள். கல் எறியலாம் என்றவர்களை மேஸ்திரி அதட்டினார். கடைசியில், நம் பெரியவர்கள் செய்கிற வழியே செய்வது என்று முடிவாயிற்று. வைக்கோலில் ஓர் ஆளைச் செய்து, அப்பாசாமியின் சட்டையையும் கைலியையும் உடுத்தி, முற்றத்தில் சாவுச் சடங்கு நடத்தி எரித்துவிடுவது. பாம்பு பார்த்துத் திருப்தியாகி இறங்கிப் போய்விடும்.

இந்தப் பேச்செல்லாம் அடுத்த அறையில் நடந்தது. நடுவில் ஒரு பலகைதான். அப்பாசாமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

புகை போதும், அழுகை எதற்கு என்று யாரோ கேட்டார்கள். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. “தெனம் பத்து அடுப்புப் பொகையுது இங்க. அதெல்லாம் பாத்துட்டு எறங்குச்சா? ஒப்பாரி இல்லாத பொகை அடுப்புப் பொகைதான்யா.”

சொர்ணம்மாள் அதற்கு மேலே ஒருபடி போனாள். “நாங்க எல்லாம் அண்ணனுக்குத் தங்கச்சி மொறையா அழுதுடுவோம். ஆனா ஒரு ஆம்பள சாவுல பொஞ்சாதி அழுகையே இல்லேன்னா? பாம்புக்குச் சந்தேகம் வராதா?”

 கூலிக்கு அழ ஆள் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பிறகு, தைலம்மாளுக்கு நல்ல குரல், அவளும் வந்து தங்கை முறையில் சேர்ந்து பாடட்டும், குரல் கூடினால் பாம்புக்கு வித்தியாசம் தெரியாது என்று முடிவு கட்டினார்கள். சொர்ணம்மாள் முற்றத்துக்குப் போய்க் கேட்டாள். பலகைச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டிருந்த அப்பாசாமிக்குத் தைலம்மாளின் முதுகுதான் தெரிந்தது. அப்பத்தைப் புரட்டிக்கொண்டே அவள், பிறகு சொல்கிறேன் என்றாள்.

வருவாளா, வரமாட்டாளா? வந்தாலும் தங்கையாக வந்து ‘அண்ணே’ என்று அழுதுவிட்டால்? இத்தனை வருஷம் சொல்லாத அந்தச் சொல்லை, என் பிணத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. பேசாமல் மோல்மேனுக்குப் போய்விட வேண்டியதுதான். அப்பாசாமிக்குப் பாம்புக்கடி மறந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பீர் முகைதீன் உள்ளே வந்தார். நாகூர்க்காரர், செடி கொண்டுவந்த அதே கப்பலில் சமையல்காரர். கப்பல் அரிசி ஏற்றி முடிக்கும்வரை அவருக்கும் நிலத்தில்தான் பொழுது. அப்பாசாமியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கீறல் ஏற்கனவே காய்ந்து போயிருந்தது. சிரித்துவிட்டார்.

“அண்ணே, இதுக்கு வெஷமே கெடையாது. அந்த ஊர்ல கொடிப்பாம்புன்னு சொல்லுவாங்க. வீட்டுக் கூரையில வந்தா பொம்பளைங்க வெறகுக் குச்சியால எடுத்து வெளிய போடுறதை நான் பாத்துருக்கேன். தவளை திங்கிற பாம்பு. கயித்த அவுத்துடுங்க.”

அப்பாசாமி கயிற்றை அவிழ்த்தார். ரத்தம் ஓடிக் கை விறுவிறுத்தது. உயிர் பிழைத்த சந்தோஷம் வரவேண்டியதுதானே? வந்தது. வந்த வேகத்தில் இன்னொரு நினைப்பும் வந்தது. விஷமில்லை என்றால் சடங்கும் இல்லை. சடங்கு இல்லாவிட்டால் அவள் என்ன சொல்லி அழுவாள் என்பது கடைசிவரைக்கும் தெரியாமலே போகும். பீர் முகைதீன் வெளியே போய் எல்லாரிடமும் சொல்ல எழுந்தார். அப்பாசாமி அவர் கையைப் பிடித்தார்.

“பாய், கொஞ்சம் பொறுங்க. சாயங்காலம் வரைக்கும் சொல்லாதீங்க.”

 பீர் முகைதீன் அவரை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டு, இனிமேல் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன், சாயங்காலம் வரை ஊமை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பகலில் முற்றம் நிறைந்துவிட்டது. வானம் மூட்டமாக இருந்தது. அப்பாசாமியை அறைக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். செத்தவன் எட்டிப் பார்த்துவிட்டால் பாம்புக்குத் தெரிந்துபோகுமே! பலகைச் சந்து வழியாக அவர் தன் சாவைப் பார்த்தார். கோடு போட்ட தன் சட்டைக்குள் வைக்கோல் விம்மிக்கொண்டிருந்தது. தன்னைவிட அதற்குக் கொஞ்சம் தொப்பை அதிகம் என்று பட்டது. முன்வீட்டு பர்மியப் பெண்மணி டோ மியா, அப்பாசாமி நிஜமாகவே இறந்துவிட்டார் என்று நினைத்து ஒரு கூடைப் பூவோடு வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று பூவை வைக்கோல் ஆள்மேல் தூவிவிட்டுப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

சொர்ணம்மாள் தொடங்கினாள். தேர்ந்த குரல். கூடப்பிறந்த பிறப்பே என்று விளித்து, தனக்குத் தங்க வளையல் போட்டவரே, தாய்வீட்டுச் சீர் கொண்டுவந்தவரே என்று அடுக்கினாள். அப்பாசாமி அவளுக்கு ஒரு கண்ணாடி வளையல்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. ஒப்பாரியில் பொய் சொன்னால் பாவமில்லை என்று தேற்றிக்கொண்டார். மற்ற பெண்களும் அண்ணே, அண்ணே என்று சேர்ந்துகொண்டார்கள். அவர் கண் அப்பக்கடைப் பக்கமே இருந்தது. அடுப்பு மட்டும் கனன்றுகொண்டிருந்தது. தைலம்மாளைக் காணோம்.

மேஸ்திரி நெருப்பு வைத்தார். ஈர வைக்கோல் உடனே பற்றவில்லை. வெள்ளையாகத் தடித்த புகை எழுந்து மரத்துக்குள் நுழைந்தது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். வால் அசையவில்லை. சந்தேகம் வந்துவிட்டது பார்த்தாயா என்று சொர்ணம்மாள் மெல்லச் சொன்னது அறைவரைக்கும் கேட்டது.

அப்போதுதான் தைலம்மாள் வந்தாள். கையில் மாவு காயாமலே வந்தாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அவர்களோடு உட்காரவில்லை. வைக்கோல் ஆளின் தலைமாட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தலைமாடு பெண்டாட்டிக்குரிய இடம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அப்பாசாமிக்கும் தெரியும். 

ஊரார் பெட்டியெல்லாம் – நீங்க
ஒடச்சுக் கொடுத்தீங்களே, என் ராசா,
எம் மனசுப் பெட்டி மட்டும்
எட்டிப் பாக்காமப் போனீங்களே.

அப்பச்சட்டி காயுமுன்னே
ஆளு வந்து நிப்பீங்களே, என் ராசா,
சட்டி இங்கே காயுதுங்க
சாமி நீங்க எங்க போனீங்க.

மழைக்குத் தகரம் வச்சு – என்
மாவுக்குப் பெட்டி வச்சு, என் ராசா,
கேக்க வந்த ஒரு சொல்லக்
கேக்காமப் போனீங்களே.

 மற்ற பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டார்கள். சொர்ணம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குக் கேட்டு ஆள் விட்ட இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு. டோ மியாவுக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷனை இழந்த ஒருத்தி, இன்னொரு ஆண்பிள்ளையைப் பத்துப் பேர் நடுவில் ‘என் ராசா’ என்று சொல்லி அழுதுவிட்டால், அதைத் திருப்பி வாயில் போட்டுக்கொள்ள முடியாது. தைலம்மாளும் அப்படி முயலவில்லை. மறுபடி ஒரு தரம் பாடினாள்.

அறைக்குள் அப்பாசாமி பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தனக்கு அழ ஆள் இருக்கிறது என்று தெரிந்தவன் அழுகிற அழுகை அது. அதில் துக்கம் கொஞ்சமும் இல்லை.

அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. வைக்கோல் அணைந்தது. கிடங்குக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் தவளைகள் கத்த ஆரம்பித்தன. மரத்தில் பச்சையாக ஏதோ நெளிந்தது. பாம்பு அடிமரம் வழியாக நிதானமாக இறங்கி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் முற்றத்தின் ஓரமாகப் போய், தவளைச் சத்தம் வந்த புல்லுக்குள் மறைந்தது. அதற்கும் ஒரு நாள் பட்டினி.

“பாத்துட்டுப் போயிடுச்சு” என்றார் மேஸ்திரி. 

தாழ்ப்பாளைத் திறந்து அப்பாசாமியை மழையில் இழுத்து நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். செத்துப் பிழைத்தவனுக்குக் குளியல் உண்டாம். எல்லாரும் அவரையும் மறுகோடி அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அடுப்பு அருகே யாரும் இல்லை. தைலம்மாள் சட்டியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். அன்று மாலை வரிசை முழுக்க இதே பேச்சுதான். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் முணுமுணுத்தார். சொர்ணம்மாள் போட்ட சத்தத்தில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அப்பாசாமி முதலில் மேஸ்திரியிடம் போய், மோல்மேனுக்கு நான் போகவில்லை என்றார்.  அப்பாசாமி நேரே மரத்தடிக்கு வந்தார். அடுப்பு பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. முக்காலியில் உட்கார்ந்தார். முதல் அப்பம் வந்தது, ஓரம் முறுகலாக. அவர் அதைத் தொடவில்லை.

இப்போது வாயில் ஆணியும் இல்லை, அப்பமும் இல்லை. சொல்லித்தான் ஆகவேண்டும். பொய்ச் சாவுக்கு ஒரு பெண்ணை நிஜமாக அழவைத்துவிட்டோம் என்ற உறுத்தல் அவரை விடியும்வரை தூங்கவிடவில்லை. கோபித்துக்கொண்டு சட்டியைக் கவிழ்த்தாலும் சரி என்று தொண்டையைச் செருமினார்.

“தைலம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பாம்புக்கு வெஷம் இல்லே. சடங்குக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பீர் முகைதீன் வந்து சொல்லிட்டாரு.”

தைலம்மாள் மாவைச் சட்டியில் ஊற்றிச் சுழற்றினாள். மூடியை வைத்தாள்.

“எனக்கும் தெரியும்” என்றாள். “அவரு உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்கிட்டதான் அப்பம் வாங்க வந்தாரு.”

 சாகாத ஆள் என்று தெரிந்துகொண்டே, எல்லார் முன்னாலும் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வருத்தத்தில் தடுமாறிச் சொன்ன சொல் இல்லை அது. பிறகு சொல்கிறேன் என்று சொல்லி, யோசித்துச் சொன்ன சொல்.

“தெரிஞ்சுமா அப்படி அழுதே?” என்றார்.

தைலம்மாள் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

“தெரிஞ்சும் நீங்க எதுக்கு உள்ள உக்காந்து கேட்டீங்க?”

 அவள் மூடியைத் திறந்து அடுத்த அப்பத்தை எடுத்து, ஆறிப்போன முதல் அப்பத்தை அவர் தட்டிலிருந்து தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, சூடானதை அவருக்கு வைத்தாள்.